கோலார் தங்கவயலுக்கு ஒரு போட்டி வையுங்கள்

2000-ல் கனடாவின் கோல்ட்கார்ப் நிறுவனத் தலைவர் ராப் மெக்எவன், ரெட் லேக் சுரங்கத்தின் நிலவியல் தரவுகளை இணையத்தில் போட்டு, அடுத்த தங்கம் எங்கே கிடைக்கும் என்று உலகத்தையே கேட்டார், மொத்தப் பரிசு 5,75,000 டாலர். ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே முப்பரிமாண மாதிரி செய்த குழு முதல் பரிசைத் தட்டியது. என்ன துணிச்சல்!

நம்ம தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தாத்தாக்கள் இறங்கி வெட்டிய ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறோம், அதில் எத்தனையோ பேர் மென்பொருள் எழுதுகிறவர்கள். 2023-ல் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியம் வந்துவிட்டது, சரி. அப்புறம் என்ன, பழைய சுரங்க வரைபடங்கள், சயனைடு மேடுகளின் (தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குவியல்களின்) சோதனைக் கணக்குகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக் கேளுங்கள், எங்கள் பிள்ளைகளே முதலில் வருவார்கள்.