தண்ணீர்மலை அடிவாரத்தில் 987654321

இந்த மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னதும் முதலில் நினைவுக்கு வந்தது ஓர் எண்தான். பினாங்கை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் அது எனக்கு மறக்கவில்லை.

ஆறாம் ஆண்டு. தைப்பூச விடுமுறைக்கு முதல் நாள் கணக்கு சார் ஒரு கேள்வி போட்டார். 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரே ஒரு முறை வைத்து ஒன்பது இலக்க எண் அமைக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் 2ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். முதல் மூன்று 3ஆல், முதல் நான்கு 4ஆல், இப்படியே ஒன்பது வரை. "அடுக்குறதுக்கு 362,880 வழி இருக்கு. தேறுறது ஒண்ணே ஒண்ணு" என்றார்.

தைப்பூசத்தன்று, பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் அப்பாவும் சித்தப்பாவும் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். மோர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. உறுமி மேளம் ஒன்று கடந்துபோய் அடுத்தது வருவதற்குள், நாள்காட்டித் தாளைக் கிழித்து எழுதிய ஒன்பது துண்டுகளை ஐஸ் பெட்டி மூடிமேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே சில்லறைக் காசு.

5 ஐந்தாம் இடத்தை விட்டு நகரவே முடியாது. 2, 4, 6, 8ஆம் இடங்களுக்கு இரட்டைப்படை. அப்படியானால் மூன்றாம் இடத்தில் ஒற்றைப்படைதான். அதற்குப் பின் 2 அல்லது 6 வந்தால்தான் 4ஆல் வகுபடும். நடு மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகையும் 3ஆல் வகுபட வேண்டுமே! அதனால் நடுவில் 258 அல்லது 654, வேறு எதுவும் நிற்காது. இதைக் கண்டுபிடித்தபோது மோர் வாளி நிரம்பி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அப்புறம் 987654321 வந்தது. எவ்வளவு அழகான எண்! 98, 987, 9876, 98765, 987654 எல்லாம் சரி. 7ஆல் மட்டும் வகுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

விடுமுறை முடிந்து நோட்டை நீட்டியதும் சார் பலகையில் 9876543ஐ எழுதி நீட்டி வகுத்தார். மீதி 5. "ஏழை விட்டுட்டியேப்பா" என்றார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தேன். 7ஐத் தவிர மற்ற நிபந்தனைகளுக்கெல்லாம் ஒத்துவரும் எண்கள் பத்தே பத்து. ஒவ்வொன்றாக வகுத்தேன். 1472589 போட்டேன், மீதி 6. இப்படி ஒன்பது எண்கள் ஏழிடம் தோற்றன. 3816547 மட்டும் 545221 என்று ஒழுங்காக வகுபட்டது.

381654729.

மறுநாள் அதை என்னையே பலகையில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் சாக்கட்டியை வாங்கிக் கடைசியில் ஒரு சுழியம் சேர்த்தார். 3816547290. இப்போது பத்து இலக்கமும் வந்துவிட்டது, 10ஆலும் வகுபடுகிறது. "இந்த மூலையை யாரும் அழிக்காதீங்க" என்றார். வருடக் கடைசி வரை யாரும் அழிக்கவில்லை.