ரெண்டும்தான் சார்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. டிபன் பாக்ஸைத் திறக்கப்போன நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து மெயில் வந்தது. சாம்பிள் அனுப்பி இருபது நாள் ஆகியிருந்தது, ஆர்டர்தான் வருகிறது என்று நினைத்துத் திறந்தேன். ஒரே ஒரு கேள்வி. இது சேகோவா, டேபியோகாவா?

சேலத்தில், ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஃபேக்டரியில், அதாவது ஜவ்வரிசி ஃபேக்டரியில், பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மரவள்ளிக்கிழங்கு லாரி உள்ளே வருவதிலிருந்து மூட்டை வெளியே போகிற வரை எல்லாச் சீட்டும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். வெளிநாட்டு வியாபாரம் மட்டும் புதுசு. மொதலாளி மகன் ஆசைப்பட்டு ஆரம்பித்தார், பாதியில் பெங்களூருக்குப் போய்விட்டார். மெயில் என் தலையில் விழுந்தது.

இதுக்கு என்ன யோசனை என்று டக்கென்று பதில் போட்டேன். "ரெண்டும்தான் சார். டேபியோகாவில் செய்த சேகோ."

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. "அப்படியென்றால் இது சேகோ இல்லை."

மொதலாளியிடம் படித்துக் காட்டினேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "என்னம்மா சொல்றான் அவன்? சேலத்துக்காரனைப் பாத்து இது ஜவ்வரிசி இல்லீங்கறானா? எங்க தாத்தன் காலத்துல இருந்து செய்யறம். கலப்படம்னு சொல்றானா?"

"கலப்படம்னு சொல்லலீங்க. சேகோ இல்லைன்னு சொல்றாரு."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, பதினாறு வருஷமாக பில்லில் அடித்துக்கொண்டிருந்த இரண்டு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாமல் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

சேகோ என்பது மலாய் வார்த்தை. அங்கே சாகு. அது ஒரு மரத்தின் பெயர். பனை ஜாதி, சதுப்பு நிலத்தில் வளர்வது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து, அதோடு செத்துப்போகும். அந்தப் பூவுக்காகத் தண்டுக்குள்ளே மாவைச் சேர்த்து வைத்துக்கொண்டே வரும். பூக்கிறதுக்கு முன்னாடி மரத்தைச் சாய்த்து, பிளந்து, உள்சோற்றைச் சுரண்டிக் கரைத்து மாவு எடுப்பார்கள். ஒரே மரத்தில் நூறு கிலோவுக்கு மேல் கிடைக்குமாம். மலேசியாவின் சரவாக்கில் முக்கா என்கிற ஊர்ப் பக்கம் இன்றைக்கும் பலருக்கு இதுதான் பிழைப்பு. அந்த நாட்டு ஆளிடம் போய், கிழங்கில் செய்ததைக் காட்டி இது சேகோ என்று நான் சொல்லியிருக்கிறேன். தேங்காயெண்ணெயில் சுட்ட பலகாரத்தைக் காட்டி நெய்ப் பலகாரம் என்றால் நம்மூரில் ஒத்துக்கொள்வார்களா?

சரி, நமக்கு மட்டும் எப்படி அந்தப் பேர் வந்தது? யுத்தத்தால். அதுவரைக்கும் ஜவ்வரிசி மலாயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக்கிழங்கில் அதே மாதிரி குருணை செய்ய ஆரம்பித்தார்கள். மரம் வரவில்லை, பேர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆச்சு என்று எங்கள் அப்பா சொல்வார். அது சரியென்றால் தமிழ்ப் பேரும் கப்பலில் வந்ததுதான்.

ஆக, நாம் சேகோ என்று சொல்வது ஒரு உருவத்தை. வெள்ளையாக, உருண்டையாக, ஊறினால் கண்ணாடி மாதிரி ஆகிறது எதுவோ அது சேகோ. எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது நமக்கு ரெண்டாம் பட்சம். நம்ம நாட்டு உணவுச் சட்டமே பனை மாவில் செய்தாலும் மரவள்ளி மாவில் செய்தாலும் சேகோதான் என்கிறது. மலேசியாக்காரருக்கு அது மரம்.

டேபியோகா கதை இதைவிட வேடிக்கை.

எனக்கு டேபியோகா என்றால் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி. லாரியில் மண்ணோடு வந்து இறங்குமே, அது. ஆபீஸ் ரிஜிஸ்டரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கேரளாவிலும் அப்படித்தான். கல்யாணமான புதுசில் குமரகம் போயிருந்தோம். மெனு கார்டில் டேபியோகா என்று இருந்ததைப் பார்த்துவிட்டு எங்க வீட்டுக்காரர், "உங்க ஊர் ஐட்டம்தான், பாயசம் மாதிரி ஏதோ இருக்கும்" என்று ஆர்டர் செய்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம், கிழங்கு ஞானம் கம்மி. வந்தது மஞ்சள் போட்டு மசித்த கப்பக்கிழங்கும், செக்கச்செவேல் என்று மீன் குழம்பும். பாயசம் எங்கே என்று கேட்கிறார்! 1880களில் திருவாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்குக் கைகொடுக்கும் என்று பரப்பிய கிழங்கு அது. மலையாளிகளுக்கு அதுதான் டேபியோகா, வேறு எதுவும் இல்லை.

அதே வார்த்தை அமெரிக்கா போனால் ஆள் மாறிவிடுகிறது. அக்கா பொண்ணு டாலஸில் இருக்கிறாள். ஒரு நாள் வீடியோ காலில், "சித்தி, பாயசம் வைக்கலாம்னு பார்த்தா இந்தக் கடையில ஜவ்வரிசியே இல்ல. டேபியோகா பேர்ல்னு ஏதோ இருக்கு" என்று பாக்கெட்டைக் காட்டினாள். உள்ளே பார்த்தால் நம்ம சரக்கு! அங்கே கிழங்குக்குப் பேர் கசாவா. டேபியோகா என்றால் கிழங்கிலிருந்து எடுத்த மாவு, அல்லது அந்த மாவில் செய்த உருண்டை.

யார் சொல்வது சரி என்று கேட்டால், மனசு வராமல் சொல்கிறேன், அமெரிக்காக்காரர்தான். பிரேசிலில் துப்பி என்கிற பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த வார்த்தை. கிழங்கைத் துருவிப் பிழிந்தால் வரும் சாறு நிற்கும்போது அடியில் படிகிற மாவுக்குத்தான் அவர்கள் அந்தப் பேர் வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தொட்டி ஞாபகம் வந்தது. சேகோ ஃபேக்டரியை உள்ளே பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் சீவிய கிழங்கைக் கழுவி அரைத்தால் பால் வரும். நாங்களும் பால் என்றுதான் சொல்வோம். சல்லடையில் விட்டால் சக்கை தனியாக நிற்கும், அது திப்பி. ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்துகிற புளிச்ச வாசனை இருக்கிறதே, அதில் திப்பிக்குப் பெரிய பங்கு. பால் தொட்டிக்குப் போய் ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கும். காலையில் மேல்தண்ணியைத் திறந்துவிட்டால் அடியில் படிந்திருப்பது வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. விரலை வைத்து அழுத்தினால் கல்லு மாதிரி இருக்கும், அள்ளி உள்ளங்கையில் வைத்தால் ஒழுகும். மண்வெட்டியால் வெட்டி எடுப்பார்கள். அந்தக் கட்டிதான், அது மட்டும்தான், டேபியோகா. அதைத் தூளாக்கி, தூளி மாதிரி தொங்கும் துணியில் போட்டுக் குலுக்கக் குலுக்க, ஈர மாவு ஒண்ணோடொண்ணு ஒட்டி உருண்டு மணி மணியாகத் திரளும். சலித்து வறுத்தால் மாவு ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. (நைலான் என்றால் பிளாஸ்டிக்கா என்று கேட்டு எனக்கு வாட்ஸப் அனுப்புகிற சொந்தக்காரர்களே, இல்லை. பளபளப்புக்கு வைத்த பேர்.) அப்புறம் களத்தில் வெயில்.

பதினாறு வருஷமாக அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் ஆபீஸுக்குள் போகிறேன்.

தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. கிழங்கு கிழங்கு, மாவு மாவு, ஜவ்வரிசி ஜவ்வரிசி. பூனாக்காரனுக்கும் சாபுதானா என்று ஒரே பேர், விரதத்துக்குக் கிச்சடி கிண்டிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இங்கிலீஷில் பில் போடப் போனதால்தான் வந்தது வினை. போதாததற்கு, டாலஸ் பொண்ணு லீவில் வந்தபோது ஏற்காட்டில் ஒரு நர்சரிக்குப் போனோம். முள்ளு முள்ளாக ஓலை விட்ட ஒரு தொட்டிச் செடியில் சேகோ பாம் என்று அட்டை. "சித்தி, உங்க ஃபேக்டரி மரம்!" என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். பிற்பாடு பார்த்தால் அது சைகஸ் என்கிற அலங்காரச் செடி. சேகோவும் இல்லை, பனையும் இல்லை, கொட்டையை நாய் கடித்தால் நாய் காலி.

கதைக்கு வருகிறேன். மெயிலுக்கு என்ன பதில் போடுவது? மொதலாளி இரண்டு நாளாக முகம் கொடுத்தே பேசவில்லை. "1981ல இருந்து நம்ம ஜவ்வரிசிக் கூட்டுறவு சங்கம் சேகோசர்வ் இருக்குது. 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே குடுத்தாச்சு. அதையெல்லாம் எழுதிப் போடும்மா" என்றார். எழுதலாம். ஆனால் அந்த ஆள் கேட்டது அது இல்லையே.

வெள்ளிக்கிழமை வேறு ஒரு பார்ட்டிக்கு பில் போடும்போது கை தானாக 1903 என்று அடித்தது. அது எங்கள் சரக்கின் எச்எஸ் கோடு, உலகம் பூராவும் கஸ்டம்ஸில் இதுதான் நம்பர். எத்தனையோ ஆயிரம் தடவை அடித்திருப்பேன். அந்த நம்பருக்கு எதிரே புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். டேபியோகாவும், மாவிலிருந்து தயாரித்த அதன் மாற்றுப் பொருள்களும். செதில், குருணை, முத்து, இன்ன பிற வடிவில். கிழங்கு அங்கே இல்லவே இல்லை, அதற்கு 0714 என்று வேறு இடம், மேனியாக் என்று வேறு பேர்.

இரண்டு தடவை படித்தேன். கஸ்டம்ஸ் கணக்குப்படி கிழங்கு மாவில் செய்த எங்கள் உருண்டைதான் அசல். மரத்து மாவில் செய்த சேகோ உருண்டை மாற்றுப் பொருள்.

மொதலாளியிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும், மூணு நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது. "அப்ப நம்மளுதுதான் ஒரிஜினல். அவன் மரம்தான் டூப்ளிகேட்டுங்கற?"

"டூப்ளிகேட் இல்லீங்க. நம்மளுதுக்குப் பதிலா அதுன்னு வெச்சுக்கலாம்."

"அதேதான். எழுது."

அப்படியெல்லாம் எழுதவில்லை. "உங்கள் கேள்வி சரி. இது டேபியோகா முத்து. பனைச் சேகோ அல்ல. எங்கள் ஊரில் இதைச் சேகோ என்று சொல்வோம்" என்று மூன்று வரி போட்டேன். சாம்பிள் லேபிளையும் மாற்றினேன். பதில் இன்னும் வரவில்லை.

மொதலாளி மட்டும் அந்த 1903 வரியைத் தமிழில் பெரிசாக எழுதச் சொல்லி, லாரி எடை போடும் வே பிரிட்ஜ் ரூம் சுவரில் ஒட்டவைத்தார். கிழங்கில் மாவு எவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுவோம். நேற்று வாழப்பாடிப் பக்கமிருந்து லோடு கொண்டுவந்த பெரியவர் ஒருத்தர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதை முழுசாகப் படித்தார்.

"ஏம்மா, இது என்னத்துக்கு? இன்னைக்குக் கெழங்கு ஒரு பாயிண்ட்டு என்ன வெலன்னு எழுதி ஒட்டுங்க. படிக்கறவனுக்கு உபயோகமா இருக்கும்."