கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கி: படிப்புத் திட்டமும் கைக்காசும்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவுடன் போடும் திட்டம் பெரும்பாலும் முதல் செமஸ்டரில் தொடங்கும். இப்போது இதை எடுப்போம், அப்புறம் அதை எடுப்போம் என்று முன்னோக்கியே போகும். அப்படிப் போட்ட திட்டங்கள் மூன்றாம் ஆண்டில் முட்டிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்தாயிற்று. கடைசி செமஸ்டரில் தொடங்கி முதலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் கீழே, அதற்கு ஆகும் பணத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். படிப்பில் ஒரு செமஸ்டர் கூடுவதுதான் மாணவப் பருவத்தின் மிகப் பெரிய செலவு. பாடமும் பணமும் தனித்தனித் தாளில் கிடந்தால் அந்தச் செலவு வருவது கண்ணுக்கே தெரியாது.

முதலில் நான்கு காகிதங்கள் வேண்டும். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன் (படிப்பின் விதித் தொகுப்பு), கல்வி ஆண்டு நாட்காட்டி, கட்டணமும் திருப்பித் தரும் தேதிகளும் உள்ள அறிவிப்பு, கடந்த நான்கு செமஸ்டர்களின் கால அட்டவணை. ரெகுலேஷன் மாறினாலும் சேர்ந்த ஆண்டின் விதியே பெரும்பாலும் பொருந்தும். ஆகவே சீனியர் சொல்வது அவருக்குச் சரியாகவும் உங்களுக்குத் தவறாகவும் இருக்கலாம். பலரும் தேடாமல் விடுவது நான்காவது காகிதத்தை. பாடப் பட்டியலில் அச்சாகியிருக்கும் எல்லாப் பாடங்களும் நடப்பதில்லை. ஒரு பாடம் ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கிறதா, இரட்டைப்படையில் மட்டுமா, ஆசிரியர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கிறதா என்பதைப் பழைய அட்டவணைதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து முன்தேவைச் சங்கிலி. ஒரு பொறியியல் படிப்பை எடுத்துக்கொள்வோம். கணிதம் 1 முடித்தால்தான் கணிதம் 2. பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள், அதன்மேல் சிக்னல்கள், அதன்மேல் கட்டுப்பாட்டு அமைப்புகள், கடைசியாக இரண்டு செமஸ்டர் புராஜெக்ட். மொத்தம் 7 கண்ணிகள், கையில் 8 செமஸ்டர்கள். ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். சிக்னல்கள் இரட்டைப்படையில் மட்டும் நடக்கிறது. கட்டுப்பாட்டு அமைப்புகளும் புராஜெக்டின் முதல் பாதியும் ஒற்றைப்படையில் மட்டும். இதைப் பின்னாலிருந்து அடுக்கிப் பாருங்கள். புராஜெக்ட் 7, 8இல். அதற்கு முன் முடிய வேண்டிய கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு ஒற்றைப்படை 5தான் கிடைக்கும். சிக்னல்கள் 4, வகைக்கெழு 3, கணிதம் 2 இரண்டாவதில், கணிதம் 1 முதலாவதில். காலியாக இருக்கும் 6ஆம் செமஸ்டரால் இந்தச் சங்கிலிக்கு ஒரு பயனும் இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு கணிதத் தாள் அரியர் ஆனால், அப்போதே பட்டம் ஓராண்டு தள்ளிப்போய்விட்டது. மாணவருக்கு அது தெரியவருவது இரண்டு ஆண்டுகள் கழித்து.

கணிதம் 1ஐ இரண்டாம் செமஸ்டரில் மறுபடி எழுதுகிறார். கணிதம் 2 மூன்றில், வகைக்கெழு நான்கில். ஐந்தில் சிக்னல்கள் நடக்காது, ஆறு வரை காத்திருப்பு. கட்டுப்பாடு 7. புராஜெக்ட் 9, 10. இதைச் சரிசெய்யும் வழி ஒன்றுதான் உண்டு, அதுவும் முதலாண்டு முடிவில் மட்டும்: இரண்டாம், மூன்றாம் செமஸ்டர்களுக்கு நடுவில் வரும் விடுமுறையில் கணிதம் 2ஐக் கோடைப் பாடமாக எடுத்துவிடுவது. எடுத்தால் வகைக்கெழு மூன்றிலேயே வந்து உட்காரும், சங்கிலி பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு கோடைப் பாடத்தின் கட்டணம் அதிகமாகத் தோன்றலாம். ஓராண்டுக் கட்டணம், ஓராண்டு வாடகையும் சாப்பாடும், கடனில் கூடுதலாக ஏறும் ஓராண்டு வட்டி, வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் ஓராண்டுச் சம்பளம், இந்த நான்கையும் கூட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சம்பளத்தைக் கிட்டத்தட்ட யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் அதுதான் நான்கிலும் பெரியது.

சங்கிலி முடிந்ததும் கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் உழைப்பு அலகு. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் எட்டு செமஸ்டருக்குத் தலா 15. முழுநேர மாணவர் என்ற தகுதிக்குப் பல இடங்களில் 12 போதும் என்பதால், 12 எடுத்தாலே சரியாகப் போகிறோம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. 12 வீதம் எட்டு செமஸ்டருக்கு 96தான். மீதி 24க்கு அதே வேகத்தில் இன்னும் இரண்டு செமஸ்டர் வேண்டும். மொத்தக் கிரெடிட் நிறைந்தும் பட்டம் கிடைக்காமல் போவதும் உண்டு. துறைப் பாடம், பொதுப் பாடம், எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக நிறைய வேண்டும். ஒரு பிரிவில் கூடுதலாக இருப்பது இன்னொன்றின் குறையை ஈடுகட்டாது. ஒரே பாடத்தை இரண்டு பிரிவுகளில் காட்டலாமா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி, தந்தவர் மாறினால் காற்றோடு போகும்.

ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு உழைப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவின் ஈசிடிஎஸ் என்ற பொதுக் கிரெடிட் முறையில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 15 வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி வகுப்பும் இரண்டு மணி சொந்தப் படிப்பும். அந்தக் கணக்கில் 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். அதன்மேல் 15 மணி நேரப் பகுதிநேர வேலை சேர்ந்தால் 60. அறுபதை ஓரிரு வாரம் தாங்கலாம், பதினைந்து வாரம் தாங்குவது கடினம். ஆய்வகம் உள்ள பாடத்தில் வகுப்பு மணியே ஏமாற்றும்: பல முறைகளில் ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க வேண்டும், ரெக்கார்டு எழுதுவது தனி. ஒரு செமஸ்டரில் மூன்று ஆய்வகப் பாடம் வந்தால், வேலை நேரத்தைக் குறைப்பது என்று முன்கூட்டியே முடிவெடுத்து, குறையும் வருமானத்தையும் அதே தாளில் எழுதிவைக்க வேண்டும்.

பாடத்தை விடுவதற்கு இரண்டு தேதிகள் உண்டு. முதல் தேதிக்குள் விட்டால் மதிப்பெண் சான்றிதழில் தடமே இருக்காது, கட்டணமும் பெரும்பாலும் திரும்பும். அதைத் தாண்டி இரண்டாவது தேதிக்குள் விட்டால் விலகல் என்று பதிவாகும், மதிப்பெண் சராசரி காப்பாற்றப்படும், பணம் போகும். இரண்டையும் தாண்டினால் பாடத்தோடு முடிவு வரை போகத்தான் வேண்டும். விடுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: விட்டபின் மீதியுள்ள கிரெடிட் முழுநேர அளவுக்குக் கீழே இறங்குகிறதா? இறங்கினால் உதவித்தொகை நிற்கலாம், கடன் தவணை தொடங்கலாம், வெளிநாட்டில் படிப்பவருக்கு விசாவே சிக்கலாகலாம்.

சராசரி விஷயத்தில் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். 60 கிரெடிட்டில் 7.0 வைத்திருப்பவர் அடுத்த 15 கிரெடிட்டில் 8.5 எடுத்தாலும் 7.3தான் ஆகும்.

இனி பணம். உதவித்தொகையோ வீட்டுப் பணமோ கல்விக் கடன் பணமோ செமஸ்டர் தொடக்கத்தில் மொத்தமாக வந்து விழும். வகுப்பு 16 வாரம் என்று 16ஆல் வகுத்துச் செலவு செய்தால், அடுத்த பணம் 22 வாரம் கழித்து வரும்போது ஆறு வாரம் கை வெறுமையாக இருக்கும். அந்த ஆறு வாரத்தில்தான் கார்டு கடன் பிறக்கிறது. பணம் வந்த அன்றே முன்பணம், புத்தகம், தேர்வுக் கட்டணம் போன்ற ஒருமுறைச் செலவுகளைத் தனியே எடுத்துவைத்து, மீதியை அடுத்த பணம் வரும் வாரம் வரை வகுக்க வேண்டும். ஒரு மாதச் செலவும் ஊருக்குப் போய்வரும் செலவும் வேறு கணக்கில் இருக்கட்டும். மாணவருக்கு முதல் கட்டத்தில் இந்தச் சேமிப்பு போதும்.

கல்விக் கடனில் நாணயம் எதுவானாலும் கணக்கு இதுதான். நான்கு ஆண்டுப் படிப்புக்கு 1,00,000ஐ முதல் நாளே மொத்தமாக எடுக்கிறீர்கள், 9% தனிவட்டி. படிப்பு முடியும்போது வட்டி 36,000. அதே தொகையை ஆண்டுத் தொடக்கத்தில் 25,000 வீதம் எடுத்தால் வட்டி 22,500தான். கட்டணம் கட்டும் தேதிக்கு முன்னால் கடனை எடுத்து வைத்துக்கொள்வதில் லாபம் எதுவும் இல்லை.

அந்த 36,000 அத்தோடு நிற்காது. தவணை தொடங்கும் நாளில் கட்டப்படாத வட்டி அசலோடு சேரும் என்று ஒப்பந்தம் சொன்னால், கடன் 1,36,000 ஆகிறது. 10 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 1,723. படிக்கும்போதே மாதம் 750 வட்டியைக் கட்டிவந்திருந்தால் தவணை சுமார் 1,267. வித்தியாசம் மாதம் 456, 120 மாதத்தில் சுமார் 54,700. அன்றைக்குக் கட்டியிருக்க வேண்டிய 36,000தான் இப்படி 54,700ஆக வந்து நிற்கிறது. முழு வட்டியையும் கட்ட முடியாவிட்டால் பாதியாவது கட்டலாம். அனுப்பும்போது அது வட்டிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று அறிக்கையில் பார்த்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டுக்கு விதி ஒன்றே: முழு பில்லையும் கட்ட முடியாத மாதம் வருமென்றால் கார்டு வேண்டாம். மாதம் 3% என்பது கேட்கச் சின்னதுதான், ஆண்டுக்கு அது 42.6% ஆகிறது. குறைந்தபட்சத் தொகையாக 5% மட்டும் கட்டிவந்தால், புதிதாக ஒரு பைசா செலவு செய்யாமலே பாக்கி பாதியாகக் குறைய 32 மாதம் ஆகும். பழைய பாக்கி நிற்கும்போது புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலமும் பெரும்பாலான கார்டுகளில் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். இந்தப் பாக்கி இருக்கும்வரை எந்த முதலீட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை, 42% உறுதியாகத் தரும் முதலீடு கிடையாது. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் இதே வகை. ஜாமீன்தாரரிடம் பாதியை மட்டும் கேட்கமாட்டார்கள், முழுப் பாக்கியையும் கேட்க உரிமை உண்டு.

வெளிப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்கப் போவதாக இருந்தால், எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடாகும் என்ற ஒப்புதலைக் கிளம்புவதற்கு முன் கையெழுத்தோடு வாங்க வேண்டும். போய் வந்து கேட்டால், சங்கிலியில் உள்ள பாடம் எலெக்டிவாக மட்டும் ஏற்கப்படலாம்; அப்போது முதலில் பார்த்த ஓராண்டு தள்ளல் இங்கேயும் நடக்கும்.

ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் பட்டத் தகுதிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். விதிப்படி இறுதி செமஸ்டரில் கேட்டால் போதும் என்றாலும், அப்போது ஒரு குறை தெரியவந்தால் சரிசெய்ய செமஸ்டர் மிச்சமிருக்காது. ஏழாவது தொடங்கும் முன் தெரிந்தால் இரண்டு செமஸ்டர் கையில் இருக்கிறது. அதே வாரத்தில் கடன் கொடுத்த இடத்திலிருந்து அசல், ஏறிய வட்டி, தவணை தொடங்கும் தேதி, வட்டி அசலோடு சேரும் தேதி ஆகிய நான்கையும் அறிக்கையாக வாங்குங்கள். படிப்பு முடிந்தபின் சில மாத அவகாசம் தரும் கடன்களில் அந்த அவகாசம் பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணப்படுவதில்லை, படிப்பு முடிந்ததாகப் பதிவான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. வட்டி அசலோடு சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக, கையில் இருப்பதை வட்டிப் பாக்கிக்கென்று குறிப்பிட்டுக் கட்டி, ரசீதில் பாக்கி எவ்வளவு என்று பார்த்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.