பிரிந்திருந்த காலத்துப் பாடல்களும் பாடப்பட்ட இரவு

பிரிந்துபோன இசைக்குழு ஒன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரே மேடையில் ஏறினால், பணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு உடனே எழுந்துவிடுகிறது. அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் மறுசேர்க்கைச் சுற்றுப்பயணத்தைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். 2016இல் தொடங்கி 2019 வரை உலகைச் சுற்றிய அந்தப் பயணம் 580 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் ஈட்டியது என்பது உண்மைதான். ஆனால் 2018 நவம்பர் 14, புதன்கிழமை இரவு, மலேசியாவின் சன்வே லகூன் பூங்காவில் அவர்களை நேரில் பார்த்தபோது நான் கண்டதை அந்தப் பேச்சு கிட்ட நெருங்கக்கூட இல்லை. பிரிந்திருந்த காலத்தில் ஒருவர் இல்லாமல் மற்றவர் உருவாக்கிய பாடல்களை அவர்கள் அன்று சேர்ந்து இசைத்தார்கள். பழைய வெற்றிப் பாடல்களைக் கேட்கப் போன என்னை, அதுதான் வீடு திரும்பிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டது.

இந்தக் குழுவை, மினுமினுப்பும் ஒப்பனையுமாக மேடையேறும் கிளாம் ராக் என்ற பெயருக்குள் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கன்னத்தில் மினுமினுப்பு பூசிக்கொண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தோன்றியதைத்தான் அந்த இசை வகையின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அதன் பிறகு டேவிட் போவி, ஸ்லேட், ஸ்வீட் என்று இங்கிலாந்தில் ஒரு வரிசையும், நியூயார்க் டால்ஸ் வழியாக அமெரிக்காவில் ஒரு வரிசையும் வளர்ந்தன. 1980களில் அது லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தபோது, மோட்லி குரூ, பாய்சன் போன்ற குழுக்கள் கண்ணுக்கு மையிட்டு, தலைமுடியை ஊதிப் பெருக்கி, இசையைக் கடுமையாக்கிக்கொண்டன. அதே தெருவில்தான் ஹாலிவுட் ரோஸ், எல்.ஏ. கன்ஸ் என்ற இரண்டு குழுக்களின் ஆட்களும் பெயர்களும் கலந்து 1985இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் பிறந்தது. அவர்களின் முதல் காணொளியில் பாடகர் ஆக்ஸல் ரோஸின் தலைமுடி நிற்கும் உயரத்தைப் பார்த்தாலே அவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது விளங்கிவிடும். பின்னர் அந்த ஒப்பனையை அவர்கள் உதறிவிட்டாலும், 1993இல் பிறர் பாடல்களை மட்டும் பாடி வெளியிட்ட தொகுப்பில் டி. ரெக்ஸின் பாடல் ஒன்றையும் நியூயார்க் டால்ஸின் பாடல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகையால் அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த முடி விவகாரம் வெறும் அலங்காரச் செய்தி அல்ல. 1980களின் பிற்பகுதியில் ஜொகூர் பாருவிலிருந்து வந்த சர்ச் (Search) குழுவும், கோலாலம்பூரின் விங்ஸ் குழுவும், இறுக்கமான கால்சட்டையும் தோளுக்குக் கீழே இறங்கும் முடியுமாக நாட்டையே ஆட்டிவைத்தார்கள். ராக் காபாக் என்று மக்கள் பெயர் வைத்த அந்த இசை, மலாய் மாணவர்களுக்கு மட்டுமன்றி எங்களுக்கும் சொந்தமாகத்தான் இருந்தது. 1992இல் அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று தடை விதித்தபோது, சர்ச்சின் பாடகர் ஏமியும் விங்ஸின் பாடகர் ஆவியும் முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அப்போது என் தாய்மாமனுக்கும் தோள்வரை முடி இருந்தது. அவர் கிள்ளானில் நண்பர்களோடு ஒரு சிறு குழு வைத்து, திருமண விருந்துகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிச் செய்தியில் அந்த முடி வெட்டலைப் பார்த்த பாட்டி, "பார்த்தியா, பெரிய பாட்டுக்காரனே வெட்டிட்டான், உனக்கு என்னடா வந்துச்சு?" என்று கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. மாமா வெட்டவில்லை.

மேடையில் முடியைக் கொடியாகப் பறக்கவிட்ட தமிழர்களும் நம்மிடையே இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பினாங்கின் ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் அவருடைய தம்பி லோகநாதனும் அந்தச் சுருண்ட பெருமுடியோடு மலாய்ப் பாடல்களைப் பாடி, இந்த நாட்டின் எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்தார்கள். அவர்கள் இசை வேறு வகை என்றாலும், அந்த அண்ணன் தம்பியின் குரல்கள் மீண்டும் ஒரே மேடையில் சேர வழியில்லாதபடி 2007இல் லோகா மறைந்துவிட்டார். எந்தக் குழு மீண்டும் இணைந்தாலும் எனக்கு முதலில் அவர் நினைவுதான் வருகிறது.

கன்ஸ் அண்ட் ரோசஸின் பிரிவு சாவினால் வந்ததல்ல, மனக்கசப்பினால் வந்தது. 1987இல் வெளியான முதல் தொகுப்பு அவர்களை உலகின் உச்சியில் நிறுத்தியது; 1991 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு தொகுப்புகள் வெளியாயின; அதே ஆண்டில் தாள கிட்டார் வாசித்த இஸ்ஸி ஸ்ட்ராட்லின் விலகினார். 1996இல் முதன்மைக் கிட்டார் கலைஞர் ஸ்லாஷும் 1997இல் பாஸ் கிட்டார் கலைஞர் டஃப் மெக்கேகனும் வெளியேறினார்கள். குழுவின் பெயர் ஆக்ஸலிடமே தங்கிவிட்டது. அவர் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டுக்கும் மேலாக ஒரே தொகுப்பை இழைத்து இழைத்து, 2008இல் சைனீஸ் டெமாக்ரசி என்ற பெயரில் வெளியிட்டார். ஸ்லாஷும் டஃப்பும் வெல்வெட் ரிவால்வர் என்ற வேறு குழுவைத் தொடங்கி வெற்றி கண்டார்கள். 2012இல் ஒரு செய்தியாளர் மறுசேர்க்கை பற்றிக் கேட்டபோது, இந்தப் பிறவியில் நடக்காது என்று ஆக்ஸல் சொன்ன பதிலையே பிறகு சுற்றுப்பயணத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

மாமா அந்தப் பிரிவில் ஒரு பக்கம் சாய்ந்தவர். ஸ்லாஷ் வாசிக்காத தொகுப்பைத் தன் காதில் ஏற்றமாட்டேன் என்று உறுதியாக இருந்தார். நான் அதை வாங்கிக் கேட்டு, அதில் சில பாடல்கள் மிக நன்றாக இருக்கின்றன என்று சொன்னபோதெல்லாம், "நீ கேளு, எனக்கு வேணாம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

நிகழ்ச்சி நடந்த சர்ஃப் பீச், பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் உருவான கேளிக்கைப் பூங்காவுக்குள் இருக்கும் செயற்கைக் கடற்கரை. காலுக்கடியில் உண்மையான மணல் இருந்ததால், சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் இருந்தார்கள். வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து வந்தவர்களின் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருக்க, அதன்மேல் கறுப்புச் சட்டையை மாட்டியிருந்தார்கள். எனக்கும் உடன் வந்திருந்த மாமாவுக்கும் முன்னால் நின்ற மலாய்க்காரர் ஒருவர் தம் பதின்ம வயது மகளுக்கு ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் திரையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆக்ஸலின் குரலைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். அன்று அவருக்கு வயது 56. 1987இல் கத்தியைப்போல் கிழித்துக்கொண்டு மேலேறிய அந்த உச்சக் குரல் இப்போது மெலிந்துவிட்டது. சில இடங்களில் மூச்சை முன்கூட்டியே சேமித்துக்கொண்டு ஏறுவது தெரிந்தது. ஆனால் கீழ்ச்சுருதியில் அவர் பாடிய பகுதிகள் நான் ஒலிநாடாவில் கேட்டதைவிடக் கனமாக இருந்தன. ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீண்ட நிகழ்ச்சியில் அவர் எங்கும் பாட்டைக் கைவிடவில்லை, எந்த வரியையும் கூட்டத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவில்லை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஸ்வீட் சைல்ட் ஓ மைன் பாடலின் தொடக்கம் வந்தபோது, பெரிய திரையில் ஸ்லாஷின் இடது கை மட்டும் காட்டப்பட்டது. அந்த மெட்டு எட்டுச் சுரங்களால் ஆன ஒரு சிறு சுற்று. ஒவ்வொரு சுற்றும் இரு முறை வரும்; பிறகு முதல் சுரம் மட்டும் இடம் மாறும், மற்ற ஏழும் அப்படியே நிற்கும். பல்லாயிரம் முறை வாசித்த அதை அவர் அன்றும் விரல்களை ஏறக்குறைய அசைக்காமலே வாசித்தார். கம்பிக்கும் விரல் நுனிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இல்லை. பிறகு டஃப்பின் பாஸ் உள்ளே வந்தது. பெரும்பாலான பாடல்களில் அடித்தளமாகக் கீழே கிடக்கும் அந்த வாத்தியம், இந்தப் பாடலில் மேல் கம்பிகளில் தானே ஒரு மெட்டாக எழுந்து கிட்டாரைச் சுற்றிக்கொள்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆக்ஸலோடு வாசித்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர், ஆனால் அவர்களின் பதிவுகளில் இந்த இடம் எனக்குத் தட்டையாகவே கேட்டிருக்கிறது. மாமா என் தோளைப் பிடித்து, "கேட்டியா, இது அவன் கைதான்மா, வேற எவனுக்கும் இது வராது" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஆயினும் அன்றைய நிகழ்ச்சியின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. நடுவில் அவர்கள் ஸ்லிதர் என்ற பாடலை எடுத்தார்கள். அது வெல்வெட் ரிவால்வரின் பாடல். ஆக்ஸலை விட்டு வந்தவர்கள் அவர் இல்லாமலே தங்களால் நிற்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய பாடல். அதை முதலில் பாடிய ஸ்காட் வைலண்ட் 2015 டிசம்பரில் இறந்துவிட்டார். அந்தப் பாடலை ஆக்ஸல் ரோஸ் முழு மனத்தோடு, தன் சொந்தப் பாடலுக்குக் கொடுக்கும் அதே ஆவேசத்தோடு பாடினார். அதற்குச் சற்று முன்புதான் ஸ்லாஷ், தான் கால்பதிக்காத சைனீஸ் டெமாக்ரசி தொகுப்பிலிருந்து பெட்டர் என்ற பாடலை வாசித்திருந்தார். வேறொருவர் பதிவில் வாசித்த தனிப்பகுதியை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. அதன் வடிவத்தை மதித்து, அதற்குள் தன் இழுப்பையும் அதிர்வையும் சேர்த்து வாசித்தார். பாகம் பிரித்துக்கொண்டு போன அண்ணன் தம்பிகள், பிரிந்திருந்தபோது அவரவர் நட்ட மரங்களுக்கு மற்றவர் தண்ணீர் ஊற்றுவதைப் போல் எனக்குத் தோன்றியது. இருபது ஆண்டுகள் நடக்காததுபோல் பாவனை செய்து 1991இலேயே மேடையை நிறுத்தியிருக்கலாம். கூட்டமும் அதையே விரும்பியிருக்கும். அந்த எளிய வழியை அவர்கள் எடுக்கவில்லை.

இடைக்காலத்தில் குழுவைத் தாங்கியவர்களையும் அவர்கள் வெளியே அனுப்பவில்லை. 1990 முதல் ஆக்ஸலைப் பிரியாமல் இருக்கும் விசைப்பலகைக் கலைஞர் டிஸ்ஸி ரீட் தன் இடத்திலேயே இருந்தார். 2002இல் சேர்ந்த கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் ஃபோர்டஸ், 2006இல் வந்த டிரம்ஸ் கலைஞர் ஃபிராங்க் ஃபெரர் ஆகியோரும் இருந்தார்கள். நவம்பர் ரெய்ன் பாடலுக்கு முன்னால் ஸ்லாஷும் ஃபோர்டஸும் எதிரெதிரே நின்று, பிங்க் ஃபிளாய்டின் மெட்டு ஒன்றைப் பாடகர் இல்லாமல் இரண்டு கிட்டார்களிலும் மாறி மாறி வாசித்தார்கள். ஸ்லாஷ் இல்லாத ஆண்டுகளில் இந்தக் குழுவின் பழைய பாடல்களை இரவுதோறும் காப்பாற்றியவர்களில் ஒருவருக்கு, திரும்பி வந்த மூத்தவர் சரிசமமாக இடம்விட்டு நின்ற அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அதன் முடிவில் ஆக்ஸல் பியானோவின் முன் அமர்ந்தார். நவம்பர் மாதக் கிள்ளான் பள்ளத்தாக்கின் கனத்த மேகங்களுக்குக் கீழே அந்தப் பாடலைக் கேட்பதற்கு நாங்கள் கொடுத்துவைத்திருந்தோம்.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்கமாட்டேன். இஸ்ஸி வரவில்லை. முதல் தொகுப்பின் பாடல்களில் ஸ்லாஷின் கிட்டார் பாய்வதற்குக் காரணமே, அதன் அடியில் இஸ்ஸி இடைவெளி விட்டுவிட்டு, சற்றுத் தளர்த்தி வாசித்த தாளம்தான். ஃபோர்டஸ் அதைத் துல்லியமாக வாசிக்கிறார். அந்தத் துல்லியமே சில பாடல்களை இறுக்கிவிடுகிறது. முதல் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவன் ஆட்லர் இந்தப் பயணத்தில் சில மேடைகளில் விருந்தினராக வந்து வாசித்தார், ஆனால் முழுநேர இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐவரும் சேராத வரையில் இதை முழுமையான மறுசேர்க்கை என்று சொல்லக்கூடாது என்பது மாமாவின் கருத்து. அதில் எனக்கும் பெரிய மாறுபாடு இல்லை.

பாரடைஸ் சிட்டியோடு நிகழ்ச்சி முடிந்து, கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியேறவே நெடுநேரம் ஆனது. மறுநாள் அனைவரும் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் அதிகம் பேசவில்லை. அந்த வார இறுதியில் மாமா கைப்பேசியில் அழைத்து, "அந்த பெட்டர் பாட்டு எந்த கேசட்ல இருக்கு?" என்று கேட்டார். பத்தாண்டுகளாகக் காதில் ஏற்றமாட்டேன் என்று சொன்ன அதே தொகுப்புதான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அனுப்பு என்றார். இரண்டு நாள் கழித்து, திஸ் ஐ லவ் என்ற பாடல்தான் அதில் சிறந்தது, பெட்டர் அதற்கு அடுத்தது, மற்றவற்றில் வாத்தியங்களை அளவுக்கு மீறி அடுக்கிவிட்டார்கள் என்று விரிவாக எழுதி அனுப்பினார். பெட்டர்தான் முதல் இடம் என்பது என் எண்ணம். இன்னும் நாங்கள் அதைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.