ஐந்து முகவரிகள், ஒரே இன்பாக்ஸ்

ஈரோட்டில் சிறு கடைக்காரர்களுக்கும் விசைத்தறிக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, கணக்குத் தாக்கல் செய்யாதவர்களுக்கு அனுப்பப்படும் ஜிஎஸ்டிஆர்-3ஏ அறிவிப்பு வந்திருந்தது. கடையை மூடிய அவர், பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டார். வியாபாரமே இல்லாவிட்டாலும் பதிவு இருக்கும்வரை கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அறிவிப்பில் தரப்படும் அவகாசம் 15 நாள். நான் அதைப் பார்த்தது 12ஆம் நாள் இரவு. அவருக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் பதிவின்போது என் பழைய யாகூ முகவரியைக் கொடுத்திருந்தேன். அந்த யாகூ கணக்கையோ நான் மாதம் ஒருமுறை திறந்தால் அதிகம். மீதமிருந்த மூன்று நாளில் வேலையை முடித்துவிட்டோம் என்றாலும், இனி எல்லா முகவரிகளையும் ஒரே இடத்தில் பார்ப்பது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

முதலில் எத்தனை முகவரிகள் என்று எண்ணிப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் காலத்தில் தொடங்கிய யாகூ ஒன்று. நண்பர் ஒருவர் அழைப்பு அனுப்பினால்தான் ஜிமெயில் கிடைக்கும் என்றிருந்த 2005இல், ஒரு ஜிபி இடம் தருகிறார்கள் என்ற வியப்போடு வாங்கிய ஜிமெயில் ஒன்று. தொழிலுக்காக என் சொந்த டொமைனில், அதாவது எனக்கென்று வாங்கிய இணையப் பெயரில், வைத்திருப்பது ஒன்று. மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காகத் தொடங்கிய அவுட்லுக் ஒன்று. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்போடு என் கைக்கு வந்து சேர்ந்த இன்னொரு ஜிமெயில். ஆக ஐந்து.

எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கே திருப்பிவிடலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. யாகூவில் தானாகத் திருப்பிவிடும் வசதி 2021 முதல் இலவசக் கணக்குகளுக்கு இல்லை என்பதால் டொமைன் முகவரியை மட்டும் திருப்பிவிட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்திற்குள்ளாகவே சில கடிதங்கள் ஸ்பாமில் கிடந்தன. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் எனப்படும் பதிவு சொல்கிறது. வழியில் வேறொரு சர்வர் அதே கடிதத்தை வாங்கித் திருப்பி அனுப்பும்போது, அந்த சர்வரின் பெயர் பட்டியலில் இல்லாததால், பெறுகிற இடத்தில் சந்தேகம் எழுகிறது. வங்கியிலிருந்து உண்மையாகவே வந்த கடிதம் மோசடிக் கடிதத்தின் தோற்றத்தில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். திருப்பிவிடுவதை அன்றே நிறுத்தினேன்.

ஜிமெயிலே பிற கணக்குகளுக்குச் சென்று கடிதங்களை எடுத்துவரும் வசதி ஒன்றும் இருந்தது. ஐந்து கணக்குகள் வரை சேர்க்க முடிந்தது. ஆனால் எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை எடுத்துவருவது என்பதை அதுவே தீர்மானித்ததால், ஓடிபிக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது உதவவில்லை. தவிர, 2026இல் அந்த வசதியை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்திருந்தது. இடிக்கப்போகிற வீட்டிற்கு வெள்ளையடிப்பானேன் என்று அதையும் விட்டுவிட்டேன்.

அது பயன்படுத்திய பாப் முறையின் மீது, அதாவது கடிதங்களை சர்வரிலிருந்து இறக்கி எடுத்துக்கொள்ளும் முறையின் மீது, எனக்குப் பழைய வருத்தமும் உண்டு. 2016இல் அலுவலக மடிக்கணினியில் டொமைன் முகவரியை பாப் முறையில் இணைத்திருந்தேன். சர்வரில் ஒரு நகலை விட்டுவை என்ற கட்டத்தில் டிக் செய்யவில்லை. கடிதங்கள் ஒவ்வொன்றாக என் கணினிக்கு இறங்கி, சர்வரிலிருந்து அழிந்துகொண்டே இருந்தன; நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹார்ட் டிஸ்க் போனபோது இரண்டு ஆண்டுக் கடிதங்களும் அதோடு போயின. ஐமேப் என்ற இன்னொரு முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். நம் கணினியிலும் கைபேசியிலும் தெரிவது அதன் பிம்பம். ஓரிடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகக் காட்டும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே கணக்குகளை ஒன்றோடொன்று கலக்காமல், கடிதங்களை அவை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பார்வையை மட்டும் ஒன்றாக்குவது என்ற முடிவுக்கு வந்தேன். அதற்கு, பல மின்னஞ்சல் கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்க உதவும் தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுத்தேன். இலவசம் என்பதும், 2004 முதல் இருந்துவருகிற மென்பொருள் என்பதும் காரணங்கள்.

என் ஜிமெயில், யாகூ, அவுட்லுக் ஆகிய மூன்றும் பத்து நிமிடத்தில் இணைந்துவிட்டன. முகவரியைக் கொடுத்ததும் அந்தந்த நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது. அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதி தந்தால் போதும், கடவுச்சொல் தண்டர்பேர்டின் கையில் தரப்படுவதே இல்லை. தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரிலிருந்து இந்த வழி மட்டுமே உண்டு. வெறும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு கடவுச்சொல் தவறு என்ற செய்தியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

சங்கத்தின் ஜிமெயிலில்தான் மாட்டிக்கொண்டேன். கடவுச்சொல் சரி, ஆனால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண், முந்தைய செயலாளரின் கைபேசிக்குப் போனது. அவர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து ஓராண்டு ஆகிவிட்டது. அழைத்து, "அண்ணா, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். "எவன் எவனோ இப்படித்தான் கேக்கறான், நீங்கதானான்னு எப்படித் தெரியும்?" என்றார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டிய பிறகே எண் கிடைத்தது. உள்ளே போனதும் முதல் வேலையாகச் சரிபார்ப்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் மாற்றினேன். பொறுப்பைக் கைமாற்றும்போது பதிவேடுகளையும் சாவிகளையும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிற நாங்கள், இதை யோசிக்கவே இல்லை.

டொமைன் முகவரிக்கு ஒரு மாலை முழுதும் செலவானது. உள்வரும் அஞ்சலுக்கு ஐமேப், போர்ட் (சர்வரின் இணைப்பு வாயில் எண்) 993. அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, போர்ட் 465. இரண்டையும் சரியாகக் கொடுத்தும், சர்வர் அசல்தான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. என் டொமைன் பெயருக்கு முன்னால் "மெயில்" சேர்த்து நான் கொடுத்திருந்த சர்வர் பெயர், சான்றிதழில் இல்லை. என் டொமைனின் அஞ்சலைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சொந்த சர்வர் பெயரில்தான் சான்றிதழ் இருந்தது. அந்தப் பெயரைக் கொடுத்ததும் எச்சரிக்கை மறைந்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் தொடர, விதிவிலக்குச் சேர்க்கும் பொத்தான் கண்ணெதிரே இருக்கும்போது அதை அழுத்திவிடத்தான் கை போகும். வரிக் கணக்குகள் வந்துபோகிற முகவரிக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒருங்கிணைந்த கோப்புறைகள் என்ற காட்சியைத் தேர்ந்தெடுத்ததும் ஐந்து இன்பாக்ஸும் ஒரே பட்டியலாக வந்தன. தேடினால் ஜிமெயில் கடிதங்கள் மட்டும் இரண்டிரண்டாக வந்தன. ஜிமெயிலில் லேபிள்கள் ஒவ்வொன்றும் ஐமேப்பில் தனிக் கோப்புறையாகத் தெரிவதால், ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் "அனைத்து அஞ்சல்" கோப்புறையிலும் இருப்பதாகக் காட்டுகிறது. ஜிமெயில் அமைப்புகளில் லேபிள்கள் பகுதிக்குப் போய், "அனைத்து அஞ்சல்" ஐமேப்பில் தெரிய வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஆவணக் காப்பில் போட்ட பழைய கடிதங்கள் தண்டர்பேர்டில் தெரியாது என்பது இதன் விலை. அவற்றை நான் ஆண்டுக்கு நான்கு முறை தேடினால் அதிகம், உலாவியில் தேடிக்கொள்கிறேன்.

படிப்பதை ஒன்றாக்குவது சுலபம். எழுதும்போதுதான் கவனம் வேண்டும். பதில் எழுதினால், கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே தண்டர்பேர்ட் அனுப்பிவிடும். புதிய கடிதமோ, இயல்பாக வைத்திருக்கும் கணக்கிலிருந்து போகும். இரண்டாவது வாரமே, சங்கத்தின் பராமரிப்புக் கட்டண நினைவூட்டலை என் வரி ஆலோசனை முகவரியிலிருந்து 24 வீடுகளுக்கும் அனுப்பிவைத்தேன். தொகை, தேதி, கீழே என் தொழில்முறைக் கையொப்பம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மூன்றாம் மாடி மாமா படியேறி வந்து, "எனக்கு ஏது தம்பி ஜிஎஸ்டி பாக்கி?" என்று கேட்டார். அதன் பிறகு ஐந்து கணக்குகளுக்கும் வெவ்வேறு கையொப்பம் வைத்தேன். எழுதும் சாளரத்தில் கீழே "செயலாளர்" என்று இல்லாவிட்டால் கண் தானாகவே மேலே அனுப்புநர் வரிக்குப் போகிறது. கடிதப் பட்டியலிலும் கணக்கின் பெயரைக் காட்டும் நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டேன்.

கைபேசியில் 2024 அக்டோபரில் வெளியான ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டை நிறுவினேன். கே-9 மெயில் என்ற செயலியின் மேல் கட்டப்பட்டது அது. கணினித் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் கணக்கு அமைப்புகள் வந்துவிடுகின்றன. கடிதங்களைத் தானாகப் பிரித்துப் போடும் வடிகட்டிகளை மட்டும் தண்டர்பேர்டில் வைக்கவில்லை. கணினி அணைந்திருக்கும்போது அங்கே எதுவும் வடிகட்டப்படாது என்பதால் அவற்றை அந்தந்த சர்வரிலேயே அமைத்தேன்.

ஐந்து கணக்குகளும் ஒரே கணினியில் எப்போதும் திறந்தே கிடப்பது, அலுவலகத்தில் என் உதவியாளரும் அதே கணினியைப் பயன்படுத்துகிறார் என்பது நினைவுக்கு வந்தபோதுதான் உறுத்தியது. கணினியில் அவருக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, தண்டர்பேர்டுக்கும் முதன்மைக் கடவுச்சொல் வைத்தேன். அவர் தவறாக நினைக்கவில்லை; "இது முன்னாடியே செஞ்சிருக்கணும் சார்" என்றார்.

யாகூ முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்திருந்த வாடிக்கையாளர்கள் ஏழு பேர். ஜிஎஸ்டி இணையதளத்தில் ஓடிபி மூலம் முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஐந்து பேருக்கு அவர்களது சொந்த முகவரியையே பதிந்தாகிவிட்டது. மீதி இருவர், "அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார், நாங்க எங்க பாக்கறது" என்கிறார்கள். அவர்களுக்காக யாகூ இன்னும் பட்டியலில் இருக்கிறது. இப்போது நாள்தோறும் காலையில் என் கண்ணில் படுகிறது.