உளைச்சல்

நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காக நடத்திய குழுவில், மூன்றாம் வாரம் நான் குறுக்கே பேசாமல் இருந்திருக்கலாமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: "மழை மூட்டம் போட்டாலே ஒரே உளைச்சல் தம்பி. அவுக போனதுலேருந்து…"

அங்கேயே நிறுத்தினேன். "ஆச்சி, வலியைப் பத்தி இங்க வேண்டாமே. இந்த வாரம் என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க."

முழங்காலை நீவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "சரி தம்பி. வளவு கூட்டினேன்," என்றார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

முறைப்படி நான் செய்தது சரிதான். வலிக்குச் சுற்றியிருப்பவர்கள் காட்டும் கவனமே முடங்கிக் கிடப்பதை வளர்த்துவிடலாம் என்று 1970களில் அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் சொன்னார். இதுபோன்ற குழுக்களில் பேச்சை வலியிலிருந்து செயலுக்குத் திருப்பும் பழக்கம் அந்த வழியில் வந்தது. எட்டுப் பேருக்கு ஒன்றரை மணி நேரம்தான். முந்தைய குழுவில் திருப்பாமல் விட்டேன். யாருக்கு வலி அதிகம் என்ற போட்டியாகி, பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

இந்தக் குழுவில் பலனும் இருந்தது. ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் அண்ணன் ஒருவர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள், வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே என்றேன். "கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலரை ஊத்திட்டா நடுவுல எந்திரிக்க முடியாது சார்," என்றார். கடைசி வாரம் அவருக்கு வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் முழு நாளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐந்து கல்லுக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறார். "அப்ப மணியைப் பாக்காதப்பா, கல்லை எண்ணிக்க," என்று அவருக்கு யோசனை சொன்னவர் ஆச்சிதான். அது இரண்டாம் வாரம்.

உடம்பும் மனசும் வலியில் தனித்தனி இல்லை என்று புரியவைக்க நான் படம் போட்டு இரண்டு வாரம் பேசினேன். ஆச்சி அதை ஒரே சொல்லில் வைத்திருந்தார். காலுக்கும் உளைச்சல், மனசுக்கும் உளைச்சல். நாமோ பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்கிறோம். குடைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு எல்லாவற்றுக்கும் அதே எண்தான். ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறைக் குறிப்பிலேயே சேர்த்தது. அதை முதல் வாரம் வாசித்துக் காட்டியவன் நான்.

அவர் வலியைத்தான் சொல்ல வந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. "அவுக" என்ற சொல்லுக்கு அப்புறம் நான் விடவில்லையே.

இரண்டு முறை போன் செய்தேன். "வீட்டுல விருந்தாளுக தம்பி, அடுத்த வாரம் வர்றேன்," என்றார், இரண்டு முறையும்.

அடுத்த குழு தையில் தொடங்குகிறது. விதிகள் எழுதிய தாளில், வலியைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற வரியை அடித்தேன். அப்புறம் பாதியில் நின்றுபோனவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மறுபடி எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலில்.