மட்டிப்பழம் போகலாம், நெய் போகாது

ஜனவரி 6

பாஸ்போர்ட்டுக்கு 1350 ரூபாய் கட்டியாச்சு. மற்றவர்களுக்கு 1500. 60 வயது தாண்டினால் 10 சதவீதம் குறைத்துக்கொள்கிறார்கள். கிழவியானதில் முதல் லாபம்.

தக்கலைப் பக்கத்துத் தபால் ஆபீஸ்களில் 36 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வெளிநாட்டுக்குப் போகும் நீல ஏரோகிராம் கடிதத்தை மடித்து ஒட்டத் தெரியாமல் நிற்கும் பெண்களுக்கு ஒட்டிக் கொடுத்து, விலாசமும் எழுதிக் கொடுப்பேன். தம்மாம், சலாலா, ஷார்ஜா எல்லாம் எனக்கு வெறும் பெட்டி எண்கள்தான். இப்போது மகள் ஜூனில் நெதர்லாந்துக்கு வா என்கிறாள்.

இவர் வரவில்லை. “மழைக்கு ரப்பர் மரத்துல பிளாஸ்டிக் கட்டணும், பால்வெட்டு யார் பாப்பா? நீ போயிட்டு வா.”

ஜனவரி 29

இன்ஷியலை விரித்து எழுத வேண்டுமாம். பள்ளிச் சான்றிதழில் அப்பா இன்ஷியல், பென்ஷன் புத்தகத்தில் இவர் இன்ஷியல், ஆதாரில் இரண்டும் இல்லை. மூன்று நாள் அலைச்சல். அப்பா பெயரை முழுசாக எழுதி நாற்பது வருஷம் இருக்கும். எழுதிவிட்டு, சரிதானா என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

பிப்ரவரி 17

அங்கே எதற்கும் நடைதான் என்று மகள் சொன்னதிலிருந்து விடியற்காலையில் பத்மநாபபுரம் அரண்மனை வரை நடந்து திரும்புகிறேன். எதிர்வீட்டு மைனி, “ஃபாரினுக்கு நடந்தேவா போறீங்க?” என்று கேட்டாச்சு.

இன்று அரண்மனை வாசலில் ஒரு வடநாட்டுக் குடும்பம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டது. தெரியவில்லை. திங்கள்கிழமை லீவு என்பது தெரியும். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசு பார்த்துக்கொள்கிறது என்பதும் தெரியும். இன்று திங்கள். அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். உள்ளே நான் கடைசியாகப் போனது மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு. அங்கே யாராவது ‘உங்கள் ஊரில் என்ன இருக்கிறது’ என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

மார்ச் 9

அதனால் இன்று புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. பஸ்ஸில் ஆயிரம் தடவையாவது தாண்டியிருப்பேன். டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். மான் பார்க்க வந்த பிள்ளைகள் ஒரே சத்தம்.

பின்னால், கூரை போன பழைய தேவாலயத்துக்குள் டிலனாய் கல்லறை. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர். பிடித்த ராஜாவுக்கே படை பழக்கிக் கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என்று பேரெடுத்து, 1777இல் இங்கேயே இறந்தார். மனைவிக்கும் மகனுக்கும் கல்லறை இங்கேதான். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் தேய்ந்த தமிழை விரலால் தடவித் தடவிப் படித்தேன். தேய்ந்த முத்திரையில் ஊர்ப் பெயர் கண்டுபிடித்த கை, சில எழுத்துகள் பிடிபட்டன.

கணக்குப் போட்டேன். 36 வருஷம். என் சர்வீஸ் அளவு. கப்பல் ஏறும்போது அந்த மனிதருக்கும் திரும்பி வந்து சொல்வதற்கென்று ஏதாவது மனதில் இருந்திருக்கும். எனக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் 90 நாள் விசா. அதற்குமேல் தங்க எந்த ராஜாவும் கூப்பிட மாட்டார்.

ஏப்ரல் 22

விசாவுக்கு முக்கியமானது, திரும்பி வருவேன் என்று காட்டுவது! பென்ஷன் புத்தகம், வீட்டுத் தீர்வை ரசீது, ‘மனைவி தனியாகப் போகச் சம்மதம்’ என்று இவர் கைப்பட எழுதிய ஒரு கடிதம். அதை யாரும் கேட்கவில்லை, இவராகவே எழுதித் தந்தார். கூடவே 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. என் உடம்புக்கு இவ்வளவு விலையா என்று இவருக்குச் சிரிப்பு.

மே 18

விசா வந்துவிட்டது, 45 நாளுக்கு. இனி சாப்பாட்டுச் சாமான். ஐரோப்பாவுக்குள் பாலில் செய்த எதுவும் கூடாதாம், நெய் உட்பட. பழம் காய்கறிக்குச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் மட்டும் வேண்டாம். மகள் வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டேன். டுரியனை விடுங்கள், நம்ம ஊர்க்காரர் யாரோ உட்கார்ந்து எழுதின பட்டியல் மாதிரி இருக்கிறது! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு போகலாம். முந்திரிக்கொத்து, இந்தத் தடவை நெய் தொடாமல்.

ஜூன் 1

அங்கே இப்போது ராத்திரி பத்து மணிக்குத்தான் இருட்டுமாம். நமக்கு ஆனியானாலும் மார்கழியானாலும் பகல் ஒரு மணி நேரம்கூடக் கூடிக் குறையாது. விளக்கேற்றும் நேரம் தெரியாத ஊரில் நான் எதை வைத்துச் சாமி கும்பிடுவேன் என்று கேட்டேன். “மணியைப் பார்த்து, அம்மா” என்றாள். சரிதான்.

ஜூன் 8

இரண்டு வாரமாகக் காலை டீ இவர் போடுகிறார், பழக்கத்துக்காம். முதல் நாள் சர்க்கரைக்குப் பதில் உப்பு. நான் சொல்லவில்லை, குடித்துவிட்டேன். ஹாலில் பழைய கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுப் பால்வெட்டுக்காரர் நேற்று அரண்டு போனார்.

இப்போது காலை ஆறு. அந்தக் கடிகாரத்தில் இரண்டரை. மகள் தூங்குவாள். போனை வைத்துவிட்டு, குடுமி எடுத்த தேங்காயை இவருடைய பழைய வேட்டியில் சுற்றினேன்.